கோடைக்காலப் பெங்களூருவில் மால்பெக் கலவை ஒயினைப் பரிமாறும் முறை

இறக்குமதி ஒயினுக்கு நீண்ட காலமாக 150 சதவீதச் சுங்க வரி இருந்துவருவதால், அர்ஜென்டினாவில் மலிவாக விற்கும் மால்பெக் கலவைகூட (மால்பெக் திராட்சையுடன் வேறு திராட்சையும் சேர்ந்த சிவப்பு ஒயின்) பெங்களூருக் கடைக்கு வரும்போது விலை பல மடங்காகிவிடுகிறது. அப்படி வாங்கியதை வீணாக்காமல் பரிமாறும் வழியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் லேபிளைப் படியுங்கள். அர்ஜென்டினாவில் மால்பெக் என்று மட்டும் அச்சிட, அந்தத் திராட்சை 85 சதவீதமாவது இருக்க வேண்டும். கலவையில் பெரும்பாலும் இரண்டு திராட்சைகளின் பெயர்கள் இருக்கும். மால்பெக் முதலில் வருவதை எடுங்கள். தென்மேற்குப் பிரான்சின் இந்தத் திராட்சை, 1853இல் மிஷெல் எமே பூஜே என்ற வேளாண் வல்லுநர் வழியாக அர்ஜென்டினாவின் மென்டோசாவை அடைந்தது. அதனுடன் கபெர்னே சோவின்யோன் திராட்சை சேர்ந்தால் துவர்ப்பு கூடும். போனார்டா திராட்சை சேர்ந்தால் மென்மை கூடும். புதியவர்களுக்கு நான் போனார்டா கலந்ததையே சொல்வேன்.

அடுத்தது வெப்பநிலை, நான் தவறியது இங்கேதான். சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்று படித்துவிட்டு, ஏப்ரல் மாதத்தில் அல்சூர் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்த பாட்டிலை அப்படியே ஊற்றினேன். ஒரு வாய் குடித்த மைத்துனர், "மாப்பிள்ளை, தொண்டை எரியுதே" என்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். கடைக்காரர் கெட்டுப்போனதைக் கொடுத்துவிட்டார் என்றே நினைத்தேன். மறுநாள் மிச்சத்தைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து, சற்று நேரம் வெளியில் வைத்துச் சுவைத்தபோது, எரிச்சல் அடங்கி, பழுத்த பிளம்ஸின் மணம் எழுந்தது. அந்த அறிவுரை குளிர்நாட்டு வீடுகளுக்கு உரியது. ஒயினுக்கு வேண்டியது 16 முதல் 18 டிகிரி, என் அலமாரியில் இருந்ததோ 31.

ஆகவே வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் நிரப்பி, பாட்டிலைக் கழுத்துவரை மூழ்கும்படி சுமார் 15 நிமிடம் வையுங்கள். ஐஸ் மட்டும் போட்டால் இடைவெளிகளில் காற்று நிற்பதால் மெதுவாகவே குளிரும். முதல் ஊற்றில் சமையலறைத் தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள்; அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் துவர்ப்பு தூக்கலாகத் தெரியும்.

கார்க்கைத் திறக்க, இறக்கை விரியும் திருகியை விட, ஓட்டல் பணியாளர்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் மடக்குத் திருகியே சிறந்தது. கார்க் உடையாமல் நேராக வரும். பிறகு கண்ணாடி ஜாடியில் ஊற்றி அரைமணி நேரம் விடுங்கள். மிளகாய்க் காரம் எரிச்சலைக் கூட்டும் என்பதால், உடன் உண்ண மிளகாய் குறைத்து வறுத்த மட்டன் சுக்கா போதும்.

பின்சேர்க்கை: பாட்டிலின் அடியில் கண்ணாடித் தூள் போலப் படிந்திருப்பதாக வாசகர் இருவர் அஞ்சி எழுதினர். அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. குளிரில் படிகமாகிறது, உடலுக்குக் கேடில்லை. பாட்டிலை ஒரு மணி நேரம் நிமிர்த்தி வைத்துவிட்டு, மெதுவாக ஊற்றி, கடைசி இரண்டு விரற்கடையை விட்டுவிடுங்கள்.