புது டிவிடி வந்ததும் பழைய டேப்பை எறிகிறவர்களுக்கு

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியாவிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் படக் கடைகள் ஒவ்வொன்றாகக் குறைந்த பிறகுதான் ஐம்பது, அறுபதுகளின் தமிழ்ப் படங்களைத் தேடிச் சேர்க்கும் இளையவர்கள் கண்ணில் படுகிறார்கள். தாத்தா வீட்டு அலமாரி, பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக் கடை, வியாபாரத்தை முடித்துக்கொள்கிறவர் தள்ளிவிடும் பெட்டி என்று எங்கெங்கிருந்தோ அவர்களுக்குப் படங்கள் கிடைக்கின்றன. எனக்கு அதில் நிறைந்த மகிழ்ச்சி. ஆனால் எங்கள் காலத்துச் சேகரிப்பாளர்கள் கையைச் சுட்டுக்கொண்ட அதே காரியங்களை இவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கீறல் விழுந்த டிஸ்க்கை வாங்காதே, கள்ளப் பிரதியைத் தொடாதே என்பதெல்லாம் தெரிந்த சங்கதி. அவற்றை விட்டுவிடுகிறேன்.

பழைய பிரதியை எறிவது

செந்தூலில் ஒரு பெரியவர் காலமான பிறகு பேரன் வீட்டை ஒழித்தான். பெரியவர் கடைகடையாய் ஏறி வாங்கிய வீடியோ டேப்புகள், டிவியிலிருந்து பதிவு செய்தவை என்று பெட்டி பெட்டியாக இருந்தன. “எல்லாம் டிவிடில வந்துருச்சு அங்கிள், இது எதுக்கு இடத்த அடைச்சுக்கிட்டு?” என்றான். குப்பை லாரி போன பிறகுதான் எனக்கு இந்தச் செய்தியே வந்தது. சில மாதம் கழித்து, பாட்டிக்குப் பிடித்த படத்தின் டிவிடியை ஆசையாக வாங்கிக்கொண்டு வந்தான். அதில் தாலாட்டுப் பாட்டைக் காணோம். பாட்டுக்கு முன்னால் வரும் காட்சியும் பாதியில் அறுந்து நின்றது. பெரியவருடைய டேப்பில் இரண்டும் முழுதாக இருந்தன. அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நானே பார்த்திருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். அந்தக் காலப் படங்கள் பலவற்றுக்கு மூல நெகட்டிவ், அதாவது கேமராவில் முதலில் பதிவான ஃபிலிம், இன்று நல்ல நிலையில் இல்லை, அல்லது இல்லவே இல்லை. வீட்டு வீடியோவுக்குக் கிடைத்தது பெரும்பாலும் தியேட்டர்களில் ஓடித் தேய்ந்த பிரிண்ட், அதாவது திரையிடுவதற்கான ஃபிலிம் பிரதி. ஒவ்வொரு ரீலின் தலையும் வாலும்தான் முதலில் கிழியும். கிழிந்ததை வெட்டி ஒட்டி மறுபடி ஓட்டுவார்கள். ஒரு பிரிண்டில் தாலாட்டு போயிருக்கும், இன்னொன்றில் சண்டைக் காட்சி போயிருக்கும். பழைய டேப் ஒரு பிரிண்டிலிருந்தும் புது டிவிடி வேறொரு பிரிண்டிலிருந்தும் எடுக்கப்பட்டிருந்தால், இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் ஒரு முழுப் படம். ‘டிஜிட்டல் ரீமாஸ்டர்டு’ என்று அட்டையில் இருப்பது இதைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. படம் தொடங்குவதற்கு முன் இந்தியத் தணிக்கைச் சான்றிதழ் திரையில் வந்து போகும். அங்கே நிறுத்துங்கள். படத்தின் நீளமும் ரீல் எண்ணிக்கையும் அதில் இருக்கும். 35 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். மீட்டரில் ஏறக்குறைய 27.4. சான்றிதழில் 16,200 அடி என்று இருந்தால் படம் 180 நிமிடம். டிஸ்க் 150 நிமிடத்தில் முடிந்தால் அரை மணி நேரப் படம் உங்கள் கைக்கு வரவில்லை. மறுவெளியீட்டுக்காக வாங்கிய பிந்தைய சான்றிதழாக இருந்தால் அந்த நீளமே குறைந்ததாக இருக்கலாம். அதனால் தேதியையும் பாருங்கள்.

இந்தக் கணக்கில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் ஊர் டேப்புகள் ‘பால்’ (PAL) என்கிற டிவி முறையில் பதிவானவை. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடவேண்டிய படம் அதில் 25 ஆக ஓடும். அதே 180 நிமிடப் படம் 173 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு காட்சியும் வெட்டுப்பட்டிருக்காது. டி.எம்.சௌந்தரராஜன் குரல் கொஞ்சம் மேலேறிக் கேட்பதும் இதனால்தான். இந்திய டிவிடிகள் பெரும்பாலும் என்.டி.எஸ்.சி. (NTSC) என்கிற இன்னொரு டிவி முறை என்பதால் அவற்றில் பொதுவாக இந்த வேகம் ஏறாது. ஏழு நிமிடம் குறைகிறதே என்று நல்ல டேப்பைத் தூக்கி எறிந்தவர்களும் உண்டு!

முறையாகப் புதுப்பித்து வந்த படங்களுக்கும் இதையே சொல்வேன். 1964இல் வந்த ‘கர்ணன்’ 2012இல் டிஜிட்டலில் திரும்ப வந்தபோது கண் குளிர்ந்தது. ஆனால் இன்றைய தியேட்டருக்கு ஏற்ப ஒலியையும் மாற்றியமைத்தார்கள். அன்றைய ரசிகன் கேட்ட ஒற்றைத்தட (மோனோ) ஒலி வேண்டுமென்றால் பழைய பிரதியைத்தான் தேடவேண்டும்.

திரையை நிரப்புவது

அகலத் திரை டிவியில் இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கிறதே என்று ரிமோட்டில் இழுத்து விடுகிறார்கள். சிவாஜி கணேசன் முகம் பக்கவாட்டில் வீங்கிப்போகிறது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் (அகலத் திரை) படம் 1973இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. ஐம்பதுகளின் படங்கள் ஏறக்குறைய 4:3 சட்டத்துக்காக, அதாவது அகலம் நான்கு பங்கு, உயரம் மூன்று பங்கு என்ற அளவில் எடுக்கப்பட்டவை. திரை முழுக்க நிரம்பும்படி வந்திருக்கும் டிஸ்க்கை எடுத்துக்கொண்டால், படம் இழுபட்டிருக்கும், அல்லது தலையும் காலும் வெட்டுப்பட்டிருக்கும். கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தொடக்கத்தில் பெயர்கள் ஓடும்போது மேல் வரியோ கீழ் வரியோ பாதி மறைந்தால் வாங்கவேண்டாம்.

படத்தை அறியாமல் குறை காண்பது

‘அந்த நாள்’ டிஸ்க்கைப் பாட்டெல்லாம் வெட்டிவிட்டார்கள் என்று ஒரு தம்பி திருப்பிக் கொடுத்துவிட்டார். எஸ். பாலசந்தர் 1954இல் பாட்டே வைக்காமல் எடுத்த படம் அது. ‘நாடோடி மன்னன்’ கறுப்பு வெள்ளையில் தொடங்கி இடையில் வண்ணத்துக்கு மாறுவதைப் பார்த்துவிட்டு, இரண்டு பிரதிகளை ஒட்டியிருக்கிறார்கள் என்று சண்டைக்குப் போனவரும் இருக்கிறார். 1958இல் எம்.ஜி.ஆர். எடுத்ததே அப்படித்தான். வாங்குவதற்கு முன் ஒரு பாட்டுப் புத்தகத்தையாவது புரட்டிவிட்டுப் போங்கள்.

ஒரே டிஸ்க்கில் மூன்று படம்

ஒன்பது மணி நேரத்தை இரண்டு அடுக்கு டிவிடியின் 8.5 ஜி.பி.யில் திணித்தால் முகமெல்லாம் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

ஹாலோகிராம் ஸ்டிக்கரை நம்புவது

அட்டையில் மினுங்கும் அந்த முத்திரை உரிமத்துக்கு அடையாளம். படம் முழுதாக இருக்கிறது என்பதற்கு இல்லை.

பூஞ்சை பிடித்த டேப்பை அப்படியே போடுவது

கோலாலம்பூர்ப் புழுக்கத்தில் இது வராத வீடு இல்லை. டேப்பின் கண்ணாடி வழியே சுருளைப் பாருங்கள். வெள்ளைப் பொடியோ புள்ளியோ தெரிந்தால் பிளேயருக்குள் தள்ளாதீர்கள். பொடி, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல டேப்புக்கும் பரவும். சுருள் ஒட்டிக்கொண்டிருந்தால் டேப் அறுந்தே போகலாம். தனியாக ஒரு பையில் போட்டு, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல டேப்பை முழுக்கச் சுற்றி, புத்தகம்போல் நிமிர்த்தி, மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஏர்கோன் அறையிலிருந்து வெளியே எடுத்தவுடன் ஓட்டவேண்டாம், ஈரம் கோத்திருக்கும். கணினிக்கு மாற்றப்போகிறீர்கள் என்றால், அதை முதல் தடவை ஓட்டும்போதே பதிவு செய்துவிடுங்கள். அந்த டேப் இரண்டாவது தடவை ஓடுமா என்பது உறுதியில்லை.

விசிடியின் மேல் பேனாவால் எழுதுவது

படம் பதிவான அடுக்கு லேபிளுக்கு ஒட்டிக் கீழேயே இருக்கிறது. பெயரை உறையில் எழுதுங்கள்.