வீட்டுல இருந்தே துப்பறியும் எஸ்கேப் கேம்: முதல் தரம் விளையாடுறவைக்கு

போன போயாவுக்கு வெள்ளவத்தையில எங்கட ஃபிளாட்டில நானும் தங்கச்சியும் மச்சானும், லண்டனில இருந்து கோலில பெரியப்பாட மகளும் சேர்ந்து விளையாடி 60 நிமிச கேமை 52ஆவது நிமிசத்தில முடிச்சம். அதுக்கு முதல் ரெண்டு தரம் தோத்தனாங்கள், அதையும் சொல்லிட்டே தொடங்குறன்.

விசயம் இதுதான்: பூட்டின ரூம், உள்ளுக்க ஒரு கொலையோ களவோ, நீங்கதான் டிடெக்டிவ். ஸ்கிரீனில தெரியிற சாமானுகளைக் கிளிக் பண்ணி துப்பு எடுத்து ஒவ்வொரு லொக்கா திறக்கோணும். 2007ல ஜப்பான் கியோட்டோவில ஸ்கிராப் எண்ட கொம்பனி ஆக்களை உண்மையான ரூமுக்குள்ள விட்டு இதை நடத்தினது, ஆனா அதுக்கு முதலே இது கொம்பியூட்டரில இருந்த விளையாட்டுத்தான்.

ஸ்டெப் 1: லப்டொப் எடுங்கோ. போனிலயும் விளையாடலாம், ஆனா லப்டொப்பில மவுஸை மெல்லமா கொண்டு போனா தொடக்கூடிய இடத்தில அம்புக்குறி கை மாதிரி மாறும், போனில அது இல்லை, கண்ட இடமெல்லாம் குத்திக்கொண்டு இருக்கோணும். ஆராவது அனுப்பின பழைய கேம் லிங்க் திறக்கேல்லை எண்டா லைனைத் திட்டாதேங்கோ, அனேகமா அது ஃப்ளாஷ் எண்ட அடோபி கொம்பனிட பழைய சொஃப்ட்வெயாரில செய்ததா இருக்கும், அதை 2020 டிசம்பர் 31ஓட அடோபியே நிப்பாட்டிட்டுது.

ஸ்டெப் 2: வெளிநாட்டு ஆக்கள் சேருறதெண்டா சூம் ஃப்ரீ கோல் 40 நிமிசத்தில கட் ஆகும், அதால ரெண்டாவது லிங்க் ஒண்டை முதலே போட்டு வையுங்கோ. லண்டன் நேரம் எங்களை விட கோடையில நாலரை மணித்தியாலம் பின்னுக்கு, குளிர்காலத்தில ஐஞ்சரை.

ஸ்டெப் 3: ஒரு சீஆர் கொப்பி, ஒரு பேனை, எழுதுறதுக்கு எண்டே ஒராள். இதைத்தான் எல்லாரும் விடுறவை. முதல் தரம் நாங்கள் தோத்ததே இதாலதான், சுவரில தொங்கின கலண்டரில 7ஆம் திகதியைச் சுத்தி சிவப்பு வட்டம் இருந்ததை தங்கச்சி தொடக்கத்திலேயே பார்த்திட்டாள், மற்றவைக்கும் தெரியும்தானே எண்டு பேசாம இருந்திட்டாள், நாங்கள் அந்த ஒரு இலக்கத்துக்காக இருவது நிமிசம் கார்ப்பெட்டுக்குக் கீழ தேடிக்கொண்டு இருந்தம். அதால கண்ணில பட்ட எல்லாத்தையும் சத்தமா சொல்லுங்கோ, எழுதுறவர் மவுஸைத் தொடக் கூடாது. சந்தேக ஆக்களுக்கு தனிப் பக்கம்: பேர், எத்தினை மணிக்கு எங்க நிண்டவர், அதை ஆர் பார்த்தது. மூண்டாவது கட்டம் வெறுமையா இருக்கிறவரை முதல் பிடியுங்கோ.

ஸ்டெப் 4: லொக். நாலு இலக்க லொக்குக்கு 10,000 விடை வரலாம். கீபேட்டில நாலு பட்டன் மட்டும் தேஞ்சிருந்தா 24தான். மூண்டு பட்டன் தேஞ்சிருந்தா இன்னும் லேசு எண்டு நினைப்பீங்கள், இல்லை, ஒரு இலக்கம் ரெண்டு தரம் வருது, ஆனா எது எண்டு தெரியாது, அதால 36 ஆகுது. குருட்டாம்போக்கில அடிக்காதேங்கோ, சில கேமில பிழை விட்டா நேரம் வெட்டுவாங்கள்.

எழுத்து லொக்கில சீசர் முறை அடிக்கடி வரும், ஜூலியஸ் சீசர் எழுத்துகளை மூண்டு இடம் தள்ளி எழுதினவராம். ஒரு கடுதாசியில இங்கிலீஷ் எழுத்தில ஈ, ஆர், ஏ (E, R, A) எண்டு இருந்தது, மச்சான் அதை 'ஈரா' எண்டு ஒரு பொம்பிளைட பேர் ஆக்கி கொலைகாரியைத் தேட வெளிக்கிட்டிட்டார். பின்னுக்கு இருந்த மணிக்கூடு மூண்டில நிண்டதை அவர் கவனிக்கேல்லை. மூண்டு எழுத்து பின்னுக்கு எண்ணினா ஈ பி ஆகும், ஆர் ஓ ஆகும், ஏயில இருந்து சுத்திப் போனா எக்ஸ். பொக்ஸ்! மேசைக்குக் கீழ பெட்டி.

ஹிண்ட் எடுக்கிறதுக்கு வெக்கப்படாதேங்கோ, ஐஞ்சு நிமிசம் ஒண்டும் அசையேல்லை எண்டா எடுங்கோ. ஒருக்கா பாவிச்ச சாவி அனேகமா திருப்பித் தேவைப்படாது, கொப்பியில வெட்டி விடுங்கோ.

முடிச்ச கேமை திருப்பி விளையாட ஏலாது, விடை தெரிஞ்சிடும். அதால கொப்பியை ஒளிச்சு வச்சிருக்கிறன், அடுத்த போயாவுக்கு மாமி ஆக்கள் வருகினம், அவைக்கும் அதே கேம்தான், இந்த முறை ஹிண்ட் குடுக்கிறது நான்.