“ஸ்டெல்த் போடுறேன்” என்பதற்கு முன்னால் என்ன சொல்ல வேண்டும்? புது ஆட்டக்காரர்களுக்கு ஒரு விளக்கம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி விளையாடும் ஆட்டங்களுக்குப் புதிதாக வருகிறவர்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் குழுவிலும் அப்படித்தான். கதையை நடத்துகிற டிஎம், “பழைய ரப்பர் ஸ்டோர், வாசலில் ஜாகா (காவலாளி) டார்ச்சோட நிக்கிறான், மழை தூறுது, என்ன செய்யறீங்க?” என்று கேட்பார். புதுத் தம்பி யோசிக்காமல் பகடையை உருட்டிவிட்டு, “ஸ்டெல்த், 17 அண்ணே” என்பான். ஸ்டெல்த் என்றால் யாருக்கும் தெரியாமல் ஒளிந்து நகரும் திறன். எங்கே ஒளிஞ்சே என்று கேட்டால் முழிப்பான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில், நம் பாத்திரத்தின் விவரங்களை எழுதிவைக்கும் தாளில் 18 திறன்கள் வரிசையாக அச்சிட்டிருக்கும். மாமாக் கடைச் சுவரில் இருக்கிற மெனுவைப் பார்த்து ஆர்டர் சொல்வதுபோல வாய் தானாக அங்கே போய்விடும். 1974இல் வந்த முதல் பதிப்பில் இப்படி ஒரு பட்டியலே கிடையாது. தரையில் பள்ளம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், கம்பால் தட்டிக்கொண்டே நடக்கிறேன் என்று வாயால் சொன்னால்தான் உண்டு. ஐந்தாம் பதிப்பின் விதிநூலும் ஆட்டம் போகிற வரிசையை இப்படித்தான் சொல்கிறது: டிஎம் இடத்தை விவரிக்கிறார், ஆட்டக்காரர் தான் செய்வதைச் சொல்கிறார், டிஎம் விளைவைச் சொல்கிறார். என்ன ஆகும் என்பது நிச்சயமில்லாத இடத்தில் மட்டும்தான் பகடை வரும்.

படி 1: கை கால் என்ன செய்கிறது, எதற்காக

எல்லா அறிவிப்பிலும் இந்த இரண்டும் இருந்தால் போதும். அதே தம்பி இப்படிச் சொல்லலாம்: “சிலிப்பரைக் கழட்டி கையில வச்சிக்கிறேன். ஜாகா ரோட்டுப் பக்கம் டார்ச் அடிக்கும்போது பால் தொட்டி மறைவுல குனிஞ்சு பின்கதவுக்குப் போறேன். அவனுக்குத் தெரியாம உள்ளே நுழையணும்.”

இதைக் கேட்டதும் டிஎம்முக்கு வேலை செய்ய எத்தனை விஷயம் கிடைக்கிறது பாருங்கள். வெறுங்கால், மழைச் சத்தம், தொட்டி மறைவு, எல்லாம் உங்களுக்குச் சாதகம். அதனால் அட்வான்டேஜ் தரலாம், அதாவது இருபது முகப் பகடையை இரண்டு முறை உருட்டி உயர்ந்ததை எடுத்துக்கொள்வது. இல்லை, ஜாகா அரைத் தூக்கத்தில் இருக்கிறான், உருட்டவே வேண்டாம், உள்ளே போயிட்டே என்று விட்டுவிடலாம். தரையில் உடைந்த கண்ணாடி கிடக்கிறது என்று வெறுங்காலுக்கு ஒரு வம்பையும் வைக்கலாம், எங்கள் டிஎம் நிச்சயம் வைப்பார். வெறும் “17” என்ற எண்ணை வைத்துக்கொண்டு இதில் எதையுமே அவரால் செய்ய முடியாது.

எதற்காக என்பதையும் விட்டுவிடாதீர்கள். “கதவை உதைக்கிறேன்” என்றால் திறப்பதற்கா, சத்தம் போட்டு ஜாகாவை அந்தப் பக்கம் இழுப்பதற்கா? பழைய தேக்குக் கதவை உதைத்துத் திறப்பது கடினம், டிஎம் இலக்கு எண்ணை, அதாவது நீங்கள் உருட்டித் தொட வேண்டிய எண்ணை, 20 என்று வைப்பார். சத்தம் மட்டும் போதும் என்றால் பகடையே தேவையில்லை. சுலபமான காரியத்துக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினத்துக்கு 20 என்பது வழக்கமான கணக்கு. நீங்கள் சொல்கிற விதத்தைப் பொறுத்து இது மாறும். தேடுவதும் அப்படித்தான். “இன்வெஸ்டிகேஷன் போடுறேன்” என்றால் பகடை காப்பாற்ற வேண்டும். “சாமி படத்துக்குப் பின்னால கையை விட்டுப் பாக்குறேன்” என்று சொல்லி, சாவியும் அங்கேதான் இருந்தால், சாவி உங்கள் கையில்.

படி 2: கேட்கும்வரை பகடையைத் தொடாதீர்கள்

அவ்வளவுதான். உருட்ட வேண்டுமா, எந்தத் திறனை வைத்து என்று முடிவு செய்வது டிஎம்.

படி 3: முயற்சியைச் சொல்லுங்கள், முடிவை விட்டுவிடுங்கள்

வர்ணிக்கச் சொன்னால் சிலர் எதிர்ப்பக்கம் ஓடிவிடுவார்கள்: “பாராங்கை (வெட்டுக்கத்தியை) வீசி கோப்ளின் தலையைத் துண்டாக்கிட்டேன்!” (எங்கள் கதையில் கோப்ளின்கள் என்ற குட்டிப் பூதங்கள் ஆளில்லாத தோட்டத் தொழிலாளர் லயத்தில் குடியிருக்கின்றன, வாடகை கிடையாது.) தலை போனதா இல்லையா என்பது உங்கள் கையில் இல்லை. கோப்ளினின் ஆர்மர் கிளாஸ், அதாவது அதன் தற்காப்பு எண், 15. பகடையும் உங்கள் கூட்டல் எண்களும் சேர்ந்து அதைத் தொட்டால்தான் அடி விழும். “கழுத்தைக் குறி வச்சு வீசுறேன்” என்பதோடு நிறுத்துங்கள். எவ்வளவு அழகாக வர்ணித்தாலும் குறுவாள் (ஷார்ட்ஸ்வார்ட்) ஆறுமுகப் பகடை அளவுக்குத்தான் வெட்டும், ஆகவே சண்டையில் ஒரு வரி போதும். நாலு பேர் காத்திருக்கும்போது கவிதை வாசிக்காதீர்கள்.

ஆனால் சண்டையிலும் விவரிப்பு கைகொடுக்கிற இடம் உண்டு. “அவன் வாய்க்கால் ஓரமா நிக்கிறான்ல, தோளால மோதி உள்ளே தள்ளுறேன்” என்று சொன்னால், அதற்கென்றே ஷவ் (தள்ளுவது) என்று ஒரு விதி இருக்கிறது, டிஎம் அதை எடுத்துக்கொள்வார். விதிநூலைத் திறந்தே பார்க்காதவர்கூட அந்த விதியைப் பயன்படுத்திவிட்டார். இதனால்தான் புதியவர்களிடம் முதலில் முந்நூறு பக்கத்தைப் படித்துவிட்டு வா என்று சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை.

படி 4: கூச்சமாக இருந்தால்

விவரிப்பது வேறு, நடிப்பது வேறு. குரலை மாற்றி வசனம் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. “என் ஆள் கிராணிகிட்ட (தோட்டக் கணக்கர்) மரியாதையா பேசுறான், தாத்தா இங்கே பால் வெட்டுனவருன்னு சொல்லி, பழைய செக்ரோல் புத்தகத்தை (தொழிலாளர் வருகைப் பதிவேடு) காட்டச் சொல்றான்” என்றாலே முழு அறிவிப்புதான்: யாரிடம், எதைச் சொல்லி, எதைக் கேட்கிறான் என்று எல்லாம் வந்துவிட்டது. மிச்சத்தைத் தாளில் இருக்கும் பர்சுவேஷன் (பேசி இணங்க வைக்கும் திறன்) எண் பார்த்துக்கொள்ளும். வாய் சாமர்த்தியம் இல்லாதவர் நாவன்மை உள்ள ஒரு பாத்திரத்தை எடுத்து விளையாடத்தான் அந்த எண்ணே இருக்கிறது. நன்றாக நடித்தவருக்கு மட்டும் கதவு திறக்கிற டிஎம்மைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

விதியின் பெயரை நேராகச் சொல்ல வேண்டிய இடங்கள்

மந்திரம் போடும்போது சுற்றி வளைக்காதீர்கள். “என் உள்ளங்கையில் நெருப்பு சுழல்கிறது” என்று இழுத்தால் எது என்று யாருக்கும் புரியாது. ஃபயர்பால், மூன்றாம் நிலை, நடுப்புள்ளி அந்தக் கிணறு என்று சொல்லுங்கள். அது 20 அடி ஆரத்துக்குள் நிற்கிற எல்லாரையும் பொசுக்கும், உங்கள் நண்பர் உட்பட, அதனால் இடம் துல்லியமாகத் தெரிய வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை தடவைதான் என்று அளவுள்ள எதையும் பெயர் சொல்லியே செலவழியுங்கள். அப்புறம், உங்கள் ரோக்குக்கு (திருட்டுக் கைவரிசை உள்ள பாத்திரம்) ஸ்னீக் அட்டாக் என்ற கூடுதல் அடி இருப்பதை டிஎம் மறந்துவிட்டால் தாராளமாக ஞாபகப்படுத்தலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பழகிப் பார்க்க

அடுத்த ஆட்டத்தில் தாளின் திறன் பட்டியலைப் பின்பக்கம் மடித்துவிட்டு முதல் அரை மணி நேரம் விளையாடுங்கள். டிஎம் கேட்டால் மட்டும் திருப்பிப் பார்த்து எண்ணைச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் கீழே இருக்கும் மூன்றையும் வாய்விட்டு மாற்றிச் சொல்லிப் பாருங்கள், இடம் அதே ஸ்டோர்தான்:

“பெர்செப்ஷன் போடுறேன்.” (சுற்றிலும் கவனிக்கும் திறன்)
“ஜாகா மேல இன்டிமிடேஷன்.” (மிரட்டும் திறன்)
“அத்லெட்டிக்ஸ் போட்டு கூரை மேல ஏறுறேன்.” (ஏறுவது, தாவுவது போன்ற உடல் திறன்)

மூன்றாவதில் பாதி ஏற்கெனவே இருக்கிறது. எதைப் பிடித்து ஏறுகிறீர்கள், மேலே போய் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை மட்டும் சேர்த்தால் போதும். தகரக் கூரை நனைந்திருக்கிறது என்பது ஞாபகம் இருக்கட்டும்.