முதுகு வலிக்கு யோகாவா? குனிய வேண்டாம், படுத்துக்கொண்டே தொடங்குங்கள்

முதுகு வலிக்கு யோகா நல்லது என்று கேள்விப்பட்டதும் பலர் முதல் நாளே நின்றபடி குனிந்து கால் விரலைத் தொடப் பார்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தால் தொடையின் பின்பக்கத் தசைகள் இறுகிக் கிடக்கும். குனியும்போது அவை இடுப்பெலும்பைச் சாய விடாது. வளைவு முழுவதும் கீழ்முதுகில் போய் விழும். ஏற்கெனவே நோகிற இடம் அதுதானே!

தொடங்கும் முன் ஒன்று. கால் மரத்துப்போகிறது, பலம் குறைகிறது, சிறுநீரை அடக்க முடியவில்லை, காய்ச்சலும் சேர்ந்திருக்கிறது, கீழே விழுந்த பிறகு வந்த வலி என்றால் முதலில் மருத்துவரிடம் போங்கள். கர்ப்பிணிகளும் எலும்பு பலவீனம் உள்ளவர்களும் கேட்டுவிட்டே செய்யுங்கள்.

ஒரு பாய், மடித்த துண்டு, நாற்காலி போதும். எழுந்தவுடன் செய்யாதீர்கள். முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டுகள் இரவில் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். காலை விறைப்புக்கு அதுவும் ஒரு காரணம். ஒரு மணி நேரமாவது நடமாடிய பிறகு, அல்லது மாலையில், வெறும் வயிற்றில் செய்யலாம்.

படி 1: மல்லாந்து படுத்து இரண்டு முழங்காலையும் மடக்குங்கள். மூச்சை விட்டபடி வலது முழங்காலை நெஞ்சுப் பக்கம் கொண்டுவந்து, தொடையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளுங்கள். 5 மூச்சு. அப்புறம் இடது கால்.

படி 2: மார்ஜாரி ஆசனம், அதாவது பூனை நிலை. ஒன்றே ஒன்றுதான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். குழந்தை தவழ்வதுபோல் நில்லுங்கள்: தோளுக்கு நேர் கீழே உள்ளங்கை, இடுப்புக்கு நேர் கீழே முழங்கால். முழங்கால் உறுத்தினால் துண்டை அடியில் வையுங்கள். மூச்சை இழுக்கும்போது வயிறு மெல்லத் தரைப்பக்கம் இறங்கட்டும், நெஞ்சு முன்னால் விரியட்டும். மூச்சை விடும்போது வால் எலும்பிலிருந்து தொடங்கி முதுகை மேலே வளையுங்கள். தலை கடைசியாகத் தொங்கட்டும். மெதுவாகச் செய்தால் ஒன்று புரியும். மற்ற இடமெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அசைய, வலிக்கிற பகுதி மட்டும் பலகை மாதிரி ஒரே துண்டாக நகரும். அந்த இடம் வரும்போது வேகத்தை இன்னும் பாதியாகக் குறையுங்கள். 8 முறை. மூச்சு முடிவதற்குள் அசைவு முடிந்துவிட்டால் அவசரப்படுகிறீர்கள் என்று அர்த்தம்.

தசை இழுப்பதுபோல் இருந்தால் பரவாயில்லை. குத்தினாலோ காலுக்குள் சுரீரென்று இறங்கினாலோ அங்கேயே நிறுத்துங்கள்.

படி 3: சேதுபந்தாசனம், அதாவது பாலம் நிலை, அதன் சின்ன வடிவம். மல்லாந்து, மடக்கிய கால்களின் பாதத்தை ஊன்றி இடுப்பை ஒரு சாண் உயர்த்தினால் போதும். 3 மூச்சு இருந்து இறக்குங்கள். 5 முறை. முதுகைத் தாங்கும் பிட்டத் தசைக்கு இதுதான் வேலை.

படி 4: கெண்டைக்கால்களை நாற்காலி மேல் போட்டு 5 நிமிடம் படுத்திருங்கள். கீழ்முதுகு தானாகவே பாயில் படியும்.

மொத்தம் 15 நிமிடம். 2017-இல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி (American College of Physicians) என்ற மருத்துவர் அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதலும், நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு மாத்திரைக்கு முன் முயன்று பார்க்க வேண்டியவற்றில் யோகாவைச் சேர்த்திருக்கிறது. நான்கு வாரமாவது விடாமல் செய்து பாருங்கள்.

முடிந்ததும் விருட்டென்று நிமிர்ந்து உட்காராதீர்கள். ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி, தலை கடைசியாக வரும்படி எழுந்திருங்கள்.