பலகையும் முட்டும் குறைத்து மாடிக்குச் சிலாப் போடுவது எப்படி?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் மாடி கட்டுகிறவர்களுக்குப் பலகையும் முட்டுத்தடியும் தேடுவதே பெரிய தலையிடி. பீமை முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவந்து வைத்து, மேலே மெல்லிய கொங்கிறீட் மட்டும் போட்டால் அந்தச் செலவு குறையும். ஏக்கலவிலுள்ள தேசிய பொறியியல் ஆராய்ச்சி, அபிவிருத்தி நிலையத்தின் முறையில் பிரீஸ்ட்ரெஸ் பீம்கள் (உள்ளே கம்பியை இழுத்து இறுக்கி வார்த்தவை) 2 அடிக்கு ஒன்றாக வரும். மேல் கொங்கிறீட் 2 அங்குலம்தான்.

1. அறை அளவை எஞ்சினியரிடம் கொடுங்கள். மேலே சுவர் வருமென்றால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டுக்குப் போட்ட பீம் உங்களுக்குச் சரிவரும் என்று நினைக்க வேண்டாம்.

2. பீமுக்குள் இழுத்து வைத்த கம்பிகள் அடிப்பக்கமாக இருக்கும். தலைகீழாகத் திருப்பினாலோ, நடுவில் கயிறு போட்டுத் தூக்கினாலோ மேல்பக்கம் வெடிக்கலாம். லொறியிலிருந்து இறக்கும்போது நிமிர்ந்தபடியே, இரண்டு முனைகளுக்கும் கிட்டப் பிடியுங்கள்.

3. சுவர் மட்டம் பார்த்து பீம்களை வைத்து, இடையில் பலகைத் தட்டுகளைப் பொருத்துங்கள். நடுவில் முட்டு வேண்டுமா என்பதை எஞ்சினியர் சொல்வார்.

4. கம்பி வலையை விரித்து, அடியில் சிறு கொங்கிறீட் கட்டை வைத்து உயர்த்துங்கள். 2 அங்குலத்துக்குள் கரண்ட் பைப் இரண்டு ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே ஏற இடமில்லை. அப்படி ஏற்றினால் அந்த இடத்தில்தான் வெடிக்கும்.

5. அவசரத்தில் மேசன்மார் விட்டுவிடுகிற வேலை, பீமின் மேல்பக்கத்தைத் தயார்படுத்துவது. பீமும் புதுக் கொங்கிறீட்டும் ஒன்றாகப் பிடித்தால்தான் சிலாப்புக்குப் பலம். பீமின் மேல்பக்கம் சொரசொரப்பாக இருக்க வேண்டும். மண், தூசு, எண்ணெய் எதுவும் இருக்கக்கூடாது. வெளியே நீட்டியிருக்கும் கம்பி வளையங்களை மடக்கவோ வெட்டவோ விடாதீர்கள். கழுவி நனைத்துவிட்டு, தேங்கிய தண்ணீரைத் துடைத்த பிறகே கொங்கிறீட்.

6. சல்லி, சிலாப் தடிப்பில் மூன்றில் ஒன்றைத் தாண்டக்கூடாது. ஆகவே முக்கால் அங்குலச் சல்லி இதற்கு ஆகாது, அரை அங்குலம் எடுங்கள். கொங்கிறீட்டை ஒரே இடத்தில் குவிக்காமல் பரவலாகக் கொட்டுங்கள்.

7. வன்னி வெயிலும் சோளகக் காற்றும் மெல்லிய சிலாப்பைச் சில மணித்தியாலத்திலேயே உலர்த்தி வெடிக்க வைக்கும். காலை வெள்ளனவே தொடங்குங்கள். மேற்பரப்பு இறுகியதும் வயலுக்கு வரம்பு கட்டுவதுபோல் ஓரம் கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள், குறைந்தது 7 நாள். உவர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், கம்பி துருப்பிடிக்கும்.

8. பலகையையும் முட்டையும் எஞ்சினியர் சொன்ன நாளில் கழற்றுங்கள். அதுவரை மேலே கல்லோ சீமெந்துப் பையோ அடுக்காதீர்கள். கழற்றிய தட்டுகளைத் துடைத்து வைத்தால் அடுத்த அறைக்கும் அவையே போதும்.