மரச்செக்கு எண்ணெய்க் கடைக்கு நம்பகமான இணையதளம்: படிப்படியான செய்முறை

முன்பின் தெரியாத கடையின் தளத்தில் பணம் கட்டப் போகிறவர் மனதில் ஓடுவது ஒரே கேள்விதான்: சரக்கு வராவிட்டால் யாரைப் பிடிப்பது? தீமும் (தளத்தின் தோற்ற வடிவமைப்பு) நிறமும் லோகோவும் இதற்குப் பதில் சொல்லாது. முகவரி, உரிம எண், சரியான விலை, பணம் திரும்பக் கிடைக்கும் விதம் என்று வாடிக்கையாளர் தானே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய விவரங்கள்தான் சொல்லும். அதனால் இந்தச் செய்முறையில் அலங்காரம் பின்னால்தான் வரும்.

உதாரணத்துக்கு நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆட்டி விற்கும் ஒரு சிறு மரச்செக்குக் கடையை எடுத்துக்கொள்வோம். தளம் வேர்ட்பிரஸ்ஸில் (இணையதளம் கட்ட உதவும் மென்பொருள்) இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். வேறு எதில் கட்டினாலும் வேலை ஏறக்குறைய இதேதான்.

1. டொமைன், மின்னஞ்சல்

இலவச சேவைகள் தரும் நீளமான முகவரியோடு கடை நடத்த வேண்டாம். '.இன்' அல்லது '.காம்' என்று முடியும் சொந்த முகவரிப் பெயர், அதாவது டொமைன் ஒன்றை வாங்குங்கள். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஆளுக்கொரு ஸ்பெல்லிங் வரும். ஃபோனில் ஒரு முறை சொன்னால் எதிரில் இருப்பவர் சரியாக டைப் செய்கிறாரா என்று நாலு பேரிடம் சோதித்துவிட்டு வாங்குங்கள். நடுவில் கோடு, எண் வேண்டாம்.

டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் ஃபோன் எண்ணில் பதிவாக வேண்டும். தளம் செய்து கொடுப்பவர் தன் கணக்கிலேயே வாங்கிப் போட்டுவிடுவது சகஜம். பிறகு அவர் தொழிலை மாற்றிக்கொண்டால், புதுப்பிக்க முடியாமல் கடையின் பெயரே கைவிட்டுப் போகும்.

அடுத்து, டொமைன் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல். பில்லை ஜிமெயிலிலிருந்து அனுப்பும் கடைக்கும் சொந்த டொமைனிலிருந்து அனுப்பும் கடைக்கும் உள்ள வித்தியாசம் எவர் கண்ணிலும் படும். மின்னஞ்சல் சேவை எதுவானாலும் டொமைனின் டிஎன்எஸ் பகுதியில் (டொமைன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் இடம்) எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளையும் சேர்த்தாக வேண்டும். மின்னஞ்சல் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டுபவை இவை. சேர்க்காவிட்டால் ஆர்டர் உறுதிச் செய்தி ஸ்பேமில் விழும். பணம் கட்டியவர் எதுவும் வரவில்லை என்று பதறுவார். இதில் அடிக்கடி நடக்கும் தப்பு, பழைய எஸ்பிஎஃப் வரியை விட்டுவிட்டுப் புதிதாக இன்னொன்றைச் சேர்ப்பது. ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் வரிதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. வேர்ட்பிரஸ் தானாக அனுப்பும் மின்னஞ்சல்களும் இந்தக் கணக்கு வழியாகவே போக ஒரு எஸ்எம்டிபி பிளகின் (மின்னஞ்சல் அனுப்பும் வேலைக்கான துணை மென்பொருள்) போடுங்கள்.

2. எச்டிடிபிஎஸ்

2018 ஜூலையிலிருந்து குரோம், எச்டிடிபிஎஸ் (தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே போகும் தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மறைக்கும் முறை) இல்லாத தளங்களைப் 'பாதுகாப்பற்றது' என்று முகவரிப் பட்டையிலேயே காட்டிவருகிறது. இதற்குத் தேவையான சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது. பெரும்பாலான ஹோஸ்டிங் நிறுவனங்கள் (தளத்தைத் தங்கள் கணினியில் வைத்து நடத்துபவை) ஒரே பட்டனில் போட்டுத் தருகின்றன. இது சில மாதங்களே செல்லும் என்பதால் தானாகப் புதுப்பிக்கும் வசதி இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் போட்ட பிறகும் எச்சரிக்கை வந்தால், பழைய படங்களின் முகவரி இன்னும் எச்டிடிபி என்றே இருக்கும். தேடி மாற்றும் பிளகின் ஒன்றால் மொத்தமாக மாற்றிவிடலாம்.

3. யார், எங்கே

இணையத்தில் விற்பவர்களுக்கு 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் சில கடமைகளை விதிக்கின்றன. நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, தொடர்பு எண், மின்னஞ்சல், குறைதீர்க்கும் அலுவலரின் பெயர், பதவி, தொடர்பு விவரம் ஆகியவை தளத்தில் இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தனி ஒருவர் நடத்தும் கடையென்றால் உரிமையாளர் பெயரையே போடலாம்.

எல்லாப் பக்கத்தின் அடியிலும் வரும்படி இவற்றை வையுங்கள்: கதவு எண், தெரு, ஊர், பின்கோடுடன் முழு முகவரி, ஃபோனை எடுக்கும் நேரம், 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண், ஜிஎஸ்டி பதிவு இருந்தால் 15 எழுத்து ஜிஎஸ்டி எண். தமிழ்நாட்டுப் பதிவு 33 என்று தொடங்கும். விவரம் தெரிந்தவர்கள் இந்த எண்களை அரசுத் தளத்தில் போட்டுப் பார்ப்பார்கள். அங்கே ஒரு பெயரும் தளத்தில் வேறொரு பெயரும் இருந்தால் அத்தோடு முடிந்தது. கடைப் பெயர் வேறு, பதிவுப் பெயர் வேறு என்றால் இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிடுங்கள். கூகுள் பிசினஸ் புரொஃபைல் (கூகுள் தேடலிலும் மேப்பிலும் வரும் கடை விவரம்), பில், பாட்டில் லேபிள் எல்லாவற்றிலும் பெயரும் முகவரியும் எழுத்து மாறாமல் இருக்கட்டும்.

பலர் கவனிக்காத இடம் யூபிஐ. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ததும் திரையில் வருவது வங்கிக் கணக்குதாரரின் பெயர். தளத்தில் கடைப் பெயர் பார்த்துவிட்டு வந்தவருக்கு, அங்கே யாரோ ஒரு தனிநபரின் பெயர் தெரிந்தால் கை தயங்கும். கடைப் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்கி, வணிகர்களுக்கான க்யூஆர் வாங்குவதே சரி. அதுவரை, 'பணம் செலுத்தும்போது உரிமையாளர் பெயர் இப்படித் தெரியும்' என்று க்யூஆருக்குக் கீழேயே எழுதிவையுங்கள்.

4. பொருள் பக்கம்

நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். 'பாரம்பரியம், தரம், நம்பிக்கை' என்று எல்லாக் கடையும் எழுதுகிறது. படிப்பவர் கண் அதைத் தாண்டிப் போய்விடும். நல்லெண்ணெய்க்கு இப்படி எழுதிப் பாருங்கள்:

'எள், கருப்பட்டி இரண்டும் சேர்த்து வாகை மரச்செக்கில் ஆட்டியது. வெயிலில் வைத்துத் தெளியவிட்டு வடிகட்டியது. அடியில் லேசாகக் கசடு படியலாம். நிகர அளவு 1 லிட்டர், எடை சுமார் 910 கிராம். ஆட்டிய தேதியும் எதற்குள் பயன்படுத்த வேண்டும் என்பதும் மூடிக்குக் கீழே அச்சிடப்பட்டிருக்கும்.'

உங்கள் செக்கு வாகை இல்லையென்றால் வாகை என்று எழுதாதீர்கள். எடையைப் போடுவதற்குக் காரணம் உண்டு. ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ என்று நினைத்துத் தராசில் வைத்துப் பார்த்து, அளவு குறைகிறது என்று சண்டைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். கசடு, தேங்காய் எண்ணெய் உறைவது போன்றவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழியில் ஊட்டிக்கு அனுப்பினால் கட்டியாகத்தான் போய்ச் சேரும். ஆர்டருக்கு முன் சொன்னால் அது தகவல், புகார் வந்த பின் சொன்னால் சாக்கு.

பொட்டலப் பொருள்களுக்கான எடையளவு விதிகளின்படி தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர அளவு, அதிகபட்ச சில்லறை விலை போன்றவை லேபிளில் மட்டுமல்லாமல் தளத்திலும் தெரிய வேண்டும். விலைக்குப் பக்கத்தில் 'எல்லா வரிகளும் உட்பட' என்று எழுதுங்கள்.

கூரியர் கட்டணம் கடைசித் திரையில் திடீரென்று முளைக்கக் கூடாது. 5 லிட்டர் டின் எண்ணெய் மட்டுமே 4.5 கிலோவுக்கு மேல். டின்னும் அட்டைப்பெட்டியும் சேர்ந்தால் 5 கிலோவைத் தாண்டும். தமிழ்நாட்டுக்குள் இவ்வளவு, வெளிமாநிலத்துக்கு இவ்வளவு என்று பொருள் பக்கத்திலேயே சின்னதாக ஒரு அட்டவணை போடுங்கள்.

சேர்க்கக் கூடாதவையும் உண்டு. 'கொலஸ்ட்ரால் குறையும்', 'மூட்டுவலி தீரும்' என்ற வரிகளை எடுத்துவிடுங்கள். உணவுப் பொருளுக்குத் தவறாக வழிநடத்தும் விளம்பரம் செய்தால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆவது பிரிவு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. 'இன்னும் 2 பாட்டில்தான் இருக்கிறது' என்ற பொய் அவசரம், பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் புதிதாக ஓடத் தொடங்கும் கடிகாரம் போன்றவற்றை 2023 நவம்பரில் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல்கள் தடுக்கின்றன. சட்டம் கிடக்கட்டும், பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்து பார்க்கும் எவரும் அந்தப் பொய்யைக் கண்டுபிடித்துவிடுவார்.

5. படங்கள்

ஃபோன் கேமராவே போதும். காலை வெளிச்சம் வரும் ஜன்னல் ஓரம் மேஜையைப் போட்டு, வெள்ளை சார்ட் தாளைப் பின்சுவரிலிருந்து மேஜை வரை மடிப்பு விழாமல் வளைத்து ஒட்டுங்கள். விளக்கை அணைத்துவிடுங்கள்: மஞ்சள் பல்பில் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் ஒரே நிறமாகத் தெரியும். எல்லாப் பாட்டிலையும் ஒரே உயரத்தில், ஒரே தூரத்தில், சதுரமாக எடுங்கள். 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, வெப்பி என்ற பட வடிவில், ஒவ்வொன்றும் 150 கேபிக்குள் இருக்கும்படி சேமியுங்கள். லேபிள் எழுத்துகள் படிக்கும்படி ஒரு பின்பக்கப் படமும் வேண்டும்.

செக்கு ஓடும் இடம், கடை வாசல், பேக்கிங் மேஜை ஆகியவற்றையும் ஒவ்வொரு படம் எடுத்துப் போடுங்கள். காதில் ஹெட்செட் மாட்டிச் சிரிக்கும் வெளிநாட்டுப் பெண்ணின் இரவல் படம் செக்குக் கடைத் தளத்தில் என்ன செய்கிறது என்று யாருக்கும் புரியாது.

6. எழுத்தும் நிறமும்

பழைய நோட்டீஸிலிருந்து ஒட்டும் பாமினி எழுத்துரு வாசகம், மற்றவர் ஃபோனில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். முதலில் யூனிகோடுக்கு (எல்லா ஃபோனிலும் தமிழாகவே தெரியும் எழுத்துமுறை) மாற்றுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை ஆகிய எழுத்துருக்களில் ஒன்று போதும். அளவு 17 அல்லது 18 பிக்சல், வரி இடைவெளி எழுத்தளவைப் போல் 1.7 மடங்கு. தமிழில் இகர, உகரக் குறிகள் மேலும் கீழும் நீள்வதால் ஆங்கிலத்துக்கு வைக்கும் 1.4 நெருக்கியடிக்கும். எழுத்துகளுக்கு இடையே கூடுதல் இடைவெளி, சாய்வெழுத்து இரண்டும் வேண்டாம்.

நிறம் இரண்டுக்கு மேல் போகாதீர்கள். எண்ணெய்க் கடை என்றதும் மஞ்சள் பட்டனில் வெள்ளை எழுத்து போடத் தோன்றும். வெயிலில் ஒன்றும் தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு இருக்க வேண்டும். மஞ்சள்மேல் அடர்பழுப்பு எழுத்து வைத்தால் தாண்டிவிடும்.

7. கொள்கைப் பக்கங்கள்

தனியுரிமை, விதிமுறைகள், டெலிவரி, பணம் திருப்பித் தருதல் என்ற நான்கும் இல்லாமல் பேமெண்ட் கேட்வே (தளத்தில் பணம் வாங்கித் தரும் சேவை) கிடைப்பது கஷ்டம். வேறு தளத்திலிருந்து நகலெடுத்தால் நடுவில் எங்காவது அந்தக் கடையின் பெயர் மாட்டிக்கொண்டிருக்கும். எண்ணெய்க்கு உண்மையில் தேவைப்படுவது ஒரு வரி: பாட்டில் உடைந்தோ கசிந்தோ வந்தால் எத்தனை மணி நேரத்துக்குள், எந்த எண்ணுக்குப் படம் அனுப்ப வேண்டும், மாற்றுப் பாட்டிலா பணமா.

8. திறப்பதற்கு முன்

வேர்ட்பிரஸ் தானாக வைத்திருக்கும் மாதிரிப் பதிவையும் மாதிரிப் பக்கத்தையும் அழியுங்கள். 512 பிக்சல் சதுரத்தில் தள ஐகான் ஏற்றுங்கள். வாட்ஸ்அப்பில் இணைப்பைப் பகிரும்போது வரும் படத்தை 1200×630 அளவில், 300 கேபிக்குள் வையுங்கள். மாற்றிய பிறகும் பழைய படமே வந்தால் வாட்ஸ்அப் பழையதைச் சேமித்து வைத்திருக்கிறது, சற்றுப் பொறுக்க வேண்டும். வாட்ஸ்அப் பட்டனின் இணைப்பில் எண் 91 என்று தொடங்க வேண்டும். கூட்டல் குறி, இடைவெளி, முன்னால் 0 எதுவும் கூடாது.

தள வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் மொபைல் பிரிவைப் பாருங்கள். பக்கத்தின் பெரிய படம் 2.5 விநாடிக்குள் வந்துவிட்டால் போதும், 100 மதிப்பெண்ணுக்கு மல்லுக்கட்ட வேண்டாம்.

கடைசியாக, தளத்தைப் பார்த்தே இராத ஒருவரிடம் சாதாரண ஆண்ட்ராய்டு ஃபோனைக் கொடுத்து, வைஃபையை அணைத்துவிட்டு, அரை லிட்டர் பாட்டில் ஒன்றை நிஜப் பணம் கட்டி வாங்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் பாருங்கள். அவர் விரல் எங்கே நிற்கிறதோ அந்தத் திரையைத் திருத்துங்கள். உறுதி மின்னஞ்சல் இன்பாக்ஸுக்கு வந்ததா என்று பார்த்துவிட்டு ஆர்டரை ரத்து செய்யச் சொல்லுங்கள். பணம் அவர் கணக்குக்குத் திரும்ப எத்தனை நாள் ஆகிறதோ, அந்த எண்ணிக்கையையே கொள்கைப் பக்கத்தில் எழுதுங்கள்.