பவளப்பாறை மீனுக்குப் பெயர் சொல்லும்போது செய்யக்கூடாதவை

மதுரையிலிருந்து விடியக்காலையில் கிளம்பி மன்னார் வளைகுடாப் பக்கம் டைவ் அடித்துவரும் புதியவர்களின் குறிப்பேடுகளைப் புரட்டினால் அதே பழைய பிழைகள்தான். மாஸ்க்கில் ஆவி படிவது மாதிரியானவை ரெண்டாவது டைவில் தானாகச் சரியாகிவிடும். இவை ஆகாது.

நிறத்தை நம்புவது

எரிச்சலிலேயே பெரிய எரிச்சல் இது. "பெரிய மீன், பழுப்பு" என்று எழுதிக்கொண்டு மேலே வந்து புத்தகத்தில் தேடுவார்கள். கிடைக்காது. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். 5 மீட்டரிலேயே அது மங்கிவிடும். 10 மீட்டரில் சிவந்த செப்பிலி மீனும் பழுப்பாகத்தான் தெரியும். டார்ச் அடித்தால் நிறம் திரும்பும்.

அப்போதும் தப்பு வரும். கிளிமீன்களில் பல இனங்கள் பெண்ணாக இருந்து ஆணாக மாறுபவை. மங்கலாகத் திரிந்தது பச்சையும் நீலமுமாகிவிடும். எம்பரர் ஏஞ்சல் என்ற மீனின் குட்டிக்குக் கருநீல உடம்பில் வெள்ளை வளையங்கள். வளர்ந்ததும் மஞ்சள் கோடுகள். ஒரே இனத்தை இரண்டாக எண்ணினால் வருஷக்கணக்கில் எழுதிய கணக்கு மொத்தமும் குப்பை.

முதலில் வாய், அடுத்து வால், அப்புறம் முள், கடைசியில்தான் நிறம். வண்ணாத்தி மீனா ஏஞ்சலா என்ற குழப்பத்துக்குக் கன்னத்தைப் பாருங்கள்: செவுள் மூடியின் கீழ்மூலையில் பின்னோக்கி ஒரு முள் நீட்டியிருந்தால் ஏஞ்சல். முதுகில் வெள்ளை இழை நீண்ட இரண்டு மீன்களில், வால் கறுப்பானால் மூரிஷ் ஐடல், மஞ்சளானால் பேனர்ஃபிஷ்.

துரத்துவது

வேண்டாம். அசையாமல் மிதந்தால் மீனே வரும்.

தொடுவது

ஓரா மீனின் துடுப்பு முள்ளில் விஷம்.

ஊர்ப்பெயரை இனப்பெயராக எடுத்துக்கொள்வது

'களவா' ஒரு மீன் அல்ல, ஒரு கூட்டம். எத்தனையோ இனங்களுக்கு அந்த ஒரே பெயர். 'பாறை' என்றதும் பாறை இடுக்கில் தேடுகிறார்கள். அதுவோ திறந்த நீரில் விரைந்தோடும் மீன். சென்னையில் சங்கரா என்று கேட்டு வாங்குவதற்குத் தெற்கே வேறு பெயர் இருக்கலாம். பெயரோடு அதைச் சொன்ன ஊரையும் எழுதுங்கள், பக்கத்தில் அறிவியல் பெயரையும்.

மதுரை மீன் மார்க்கெட்டில் நிறம் படிக்கப் போகாதீர்கள். ஐஸில் கிடந்த மீனின் நிறம் வெளிறியிருக்கும். வாயைப் படிக்கப் போங்கள். கிளிமீன் கிடைத்தால் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு உதட்டை விலக்கிப் பாருங்கள்: பற்கள் தனித்தனியாக இல்லாமல் ஒட்டி அலகாகவே இருக்கும். அதைப் பார்த்த கண்ணுக்குத் தண்ணீருக்கடியில் நிறம் தேவைப்படாது.